வால்நட்சத்திரம் செய்தவர்

ஆகாய விமானத்தின் படத்தை என்றாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா, தோழியரே? நம் வகுப்பறைச் சன்னலுக்கு நான்கு மூலைகள் உண்டு. விமானத்தின் சன்னலுக்கோ கூரிய மூலையே கிடையாது; முட்டை வடிவாக ஓரமெல்லாம் வளைந்திருக்கும். அழகுக்காக அப்படிச் செய்கிறார்கள் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அது அழகுக்காக அன்று, பல உயிர்களைப் பறிகொடுத்துக் கற்ற பாடம் என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்தப் பாடத்தைத் தம் முதிய வயதில் கற்க நேர்ந்தவர் சர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் என்னும் ஆங்கிலேயர். பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழிலில் உலகிலேயே முதன்முதலாக ஈடுபட்ட ஜெட் விமானமாகிய 'காமெட்' அவருடைய தொழிற்சாலையில்தான் பிறந்தது. காமெட் என்றால் வால்நட்சத்திரம் என்று பொருள்.

ஜெஃப்ரி 1882-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். தந்தை சார்லஸ், ஆங்கிலிகன் சபையின் குருவானவர். வருமானம் குறைவு, பிள்ளைகளோ பலர். தந்தையைப் போல் மகனும் குருவாக வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். மகனுடைய கவனமெல்லாம் இயந்திரங்களின் மீதே இருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் லண்டனில் கிறிஸ்டல் பேலஸ் பொறியியல் பள்ளியில் சேர்ந்து பயின்றார். பிறகு மோட்டார் வண்டிகளும் பஸ்களும் செய்யும் இடங்களில் வேலை பார்த்தார். அந்த வேலையில் அவருக்கு மனம் ஒட்டவே இல்லை.

அப்பொழுது அமெரிக்காவின் ரைட் சகோதரர்களுள் ஒருவரான வில்பர் ரைட், பிரான்ஸ் நாட்டிற்கு வந்து 1908-ஆம் ஆண்டில் பறந்து காட்டினார். அச்செய்தி ஜெஃப்ரியை ஆட்கொண்டது. தாமும் பறக்க வேண்டும் என்று துடித்தார். கையில் காசில்லை. தாய்வழித் தாத்தாவிடம் போய் நின்றார். அவர் 1,000 பவுன் கொடுத்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. அதற்கு முன் ஒரு விமானத்தையும் செய்து அறியாத பேரனை நம்பி ஒரு முதியவர் அவ்வளவு பணத்தை எடுத்துக் கொடுத்தார் என்பதை நினைக்க எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஃபிராங்க் ஹெர்ல் என்னும் நண்பர் துணைக்கு வந்தார். இருவரும் லண்டனில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து வேலையைத் தொடங்கினர். எஞ்சினையும் ஜெஃப்ரியே வரைந்து ஒரு மோட்டார் கம்பெனியில் செய்வித்துக் கொண்டார். மரச் சட்டங்களின் மேல் துணி போர்த்தினால்தான் இறக்கை ஆகும். அந்தத் துணியைத் தைத்தவர் யார் தெரியுமா? 1909-ஆம் ஆண்டில் அவர் மணந்த லூயிஸ் அம்மையார்தாம். கையால் சுற்றும் தையல் இயந்திரத்தில் கெஜம் கெஜமாகத் துணியைத் தைத்துத் தள்ளினார். தையல் வகுப்பில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடிப்பதற்குள் முணுமுணுக்கும் நாம், கணவரின் உயிரே தன் தையலில் தொங்குகிறது என்று அறிந்து தைத்த அந்த அம்மையாரை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1909-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் செவன் பாரோஸ் என்னும் புல்வெளிக்கு விமானத்தைக் கொண்டு சென்றனர். ஜெஃப்ரிக்கு விமானம் ஓட்டத் தெரியாது. கற்றுக் கொடுக்கவும் எவருமில்லை. சரிவில் ஓடி வந்த விமானம் மேலே எழும்பியது. சில கெஜ தூரத்திற்குள் இடப்புற இறக்கை முறிந்து தரையில் விழுந்து நொறுங்கியது. ஜெஃப்ரி சிறு காயங்களோடு எழுந்து வந்தார். எஞ்சின் தப்பியது. அதை எடுத்துக் கொண்டு மீண்டும் கொட்டகைக்குச் சென்று, இன்னும் எளிமையாக, இன்னும் உறுதியாக இரண்டாவது விமானத்தைச் செய்தனர். 1910-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே புல்வெளியில் அது ஓடியபொழுது, சக்கரங்கள் தரையை விட்டு எழுகின்றனவா என்று பார்ப்பதற்காக ஹெர்ல் புல்லில் குப்புறப் படுத்துக் கொண்டாராம். சக்கரங்கள் எழுந்தன. கொஞ்சங் கொஞ்சமாகத் தாமே பறக்கக் கற்றுக் கொண்டார் ஜெஃப்ரி. அந்த விமானத்தை அரசாங்கம் 400 பவுன் கொடுத்து வாங்கிக் கொண்டது. அவரையும் ஃபார்ன்பரோவில் இருந்த அரசாங்கத் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்த்தியது. ஹெர்ல் பின்னர் ஜெஃப்ரியின் சகோதரியை மணந்து உறவினரும் ஆனார்.

முதல் உலகப் போரின்போது ஏர்கோ என்னும் கம்பெனிக்காக அவர் வரைந்த போர் விமானங்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் விமானம் வாங்குவார் இல்லை. ஏர்கோ மூடப்பட்டது. 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில், லண்டனுக்கு அருகே ஸ்டாக் லேன் என்ற இடத்தில் சில கொட்டகைகளோடு டி ஹாவிலண்ட் விமானக் கம்பெனி தொடங்கப் பெற்றது. அந்த நிலத்தையே விலை கொடுத்து வாங்க வேண்டிய நெருக்கடி வந்தபொழுது, தமக்கென ஒரு விமானம் செய்யச் சொல்லி வந்த ஆலன் பட்லர் என்னும் செல்வர் பணம் போட்டுக் கைகொடுத்தார்.

ஜெஃப்ரிக்குச் சிறு வயது முதலே பூச்சிகளின் மேல் தனி ஆசை. வண்ணத்துப் பூச்சிகளையும் அந்துப் பூச்சிகளையும் தேடிப் பிடித்து ஆராய்வார். 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் அவர் பறக்க விட்ட சிறு விமானத்திற்கு 'மாத்' என்று பெயரிட்டார். மாத் என்றால் அந்துப் பூச்சி. பூச்சி தன் சிறகுகளை மடக்கிக் கொள்வது போல இந்த விமானத்தின் இறக்கைகளையும் பின்னால் மடக்கி, ஒரு மோட்டார் காரின் பின்னே கட்டி இழுத்துச் செல்லலாம். போருக்குப் பின் மிஞ்சிக் கிடந்த 8 சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கி அதற்கு எஞ்சின் செய்தார்கள் என்றால் சிக்கனத்தைப் பாருங்கள்! இதன் பிறகு ஜிப்சி மாத், பஸ் மாத், டைகர் மாத் என்று அந்துப் பூச்சிக் குடும்பமே பறக்கத் தொடங்கிவிட்டது.

இவற்றுள் இரண்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1930-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் ஏமி ஜான்சன் என்ற 26 வயதுப் பெண் ஒரு ஜிப்சி மாத்தில் தன்னந்தனியே லண்டனுக்கு அருகிலுள்ள கிராய்டனிலிருந்து புறப்பட்டு, கராச்சி, ஜான்சி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன் வழியாகப் பறந்து மே 24-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். இவ்வாறு தனியே பறந்த முதல் பெண்மணி அவரே. மற்றொன்று நம் நாட்டுக் கதை. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் பைகளைக் கொண்டு வந்தாரல்லவா, அதுவும் டி ஹாவிலண்டின் பஸ் மாத் விமானமே. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. எல்லோரும் உலோகத்தில் விமானம் செய்து கொண்டிருக்க, டி ஹாவிலண்டின் கம்பெனி மரத்தால் ஒரு போர் விமானம் செய்வோம் என்றது. அதிகாரிகள் பலர் இதை ஏற்கவில்லை. இலேசான பால்சா மரத்தை இரு ஒட்டுப் பலகைகளுக்கு நடுவே வைத்துப் பசையால் ஒட்டிச் செய்த 'மஸ்கிட்டோ' விமானம் 1940-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் பறந்தது. அதன் வேகத்தைக் கண்டு அதிகாரிகள் வாயடைத்துப் போயினர். மேசை நாற்காலி செய்யும் தச்சர்களும் அதைச் செய்ய உதவினர். மொத்தம் 7,781 செய்யப்பட்டன. 1944-இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் பெற்றதைவிட இழந்ததே அதிகம். அவருக்கு மூன்று புதல்வர்கள். மூவரும் தந்தையின் தொழிலுக்கே வந்தனர். 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் இரண்டு மஸ்கிட்டோ விமானங்கள் வானில் ஒன்றோடொன்று மோதிக் கொண்டன. ஒன்றை ஓட்டியவர் கடைசி மகன் ஜான். அவர் உயிருடன் திரும்பவில்லை.

மூத்த மகனுக்கும் ஜெஃப்ரி என்றே பெயர். தந்தையின் விமானங்களை முதன்முதலில் வானில் ஏற்றிச் சோதிக்கும் தலைமை விமானி அவரே. மஸ்கிட்டோவை முதலில் பறக்க விட்டவரும் அவரே. அப்பொழுது காமெட் விமானத்திற்கான திட்டம் உருவாகிக் கொண்டிருந்தது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளை உடைய, வால்புறச் சிறகு இல்லாத விமானமாக அதைச் செய்யலாமா என்ற யோசனை இருந்தது. அதைச் சோதித்து அறிவதற்கென்றே டி.எச். 108 என்னும் சிறு ஜெட் விமானம் செய்யப்பட்டது. 1946-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் மாலை, உலக வேகச் சாதனைக்கு ஒத்திகையாக அதை ஓட்டிச் சென்றார் மகன். தேம்ஸ் நதியின் கழிமுகத்திற்கு மேலே, கடும் வேகத்தில் அவ்விமானம் உடைந்து சிதறியது. அவருக்கு வயது 36.

இவ்விருவரையும் பறிகொடுத்த தாய் லூயிஸ், முதல் விமானத்தின் இறக்கையைத் தைத்த அதே அம்மையார், மனமுடைந்து நலிந்து 1949-இல் மறைந்தார். இத்தனைக்கும் பிறகு அந்த மனிதர் விமானத் தொழிலை விட்டு விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விலகவில்லை.

காமெட் விமானத்தின் தலைமை வடிவமைப்பாளர் ரொனால்டு பிஷப். வால்புறச் சிறகு இல்லாத யோசனை கைவிடப்பட்டது. நான்கு 'கோஸ்ட்' ஜெட் எஞ்சின்கள் இறக்கையின் அடிப்பகுதிக்குள்ளேயே புதைந்திருக்குமாறு அமைத்தனர். 1949-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் ஹாட்ஃபீல்டு தொழிற்சாலையின் ஓடுபாதையிலிருந்து ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானி அதை வானில் ஏற்றினார். 31 நிமிடங்கள் பறந்து இறங்கியது. அன்று சர் ஜெஃப்ரிக்கு 67-ஆம் பிறந்த நாள். கன்னிங்ஹாமுக்கும் அன்றே பிறந்த நாள் என்பது இன்னொரு விந்தை.

1952-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் காமெட் 36 பயணிகளுடன் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிற்குப் புறப்பட்டது. ரோம், பெய்ரூட், கார்ட்டூம், என்டெபி, லிவிங்ஸ்டன் ஆகிய ஊர்களில் இறங்கி ஏறி, ஒரு நாளுக்குள்ளாகவே போய்ச் சேர்ந்தது. ஜெட் விமானத்தில் மக்கள் கட்டணம் செலுத்திப் பயணம் செய்தது உலகில் அதுவே முதல் முறை. அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும், பின்னர் சிங்கப்பூருக்கும், 1953-இல் டோக்கியோவிற்கும் காமெட் பறந்தது. பழைய விமானங்கள் மேகத்திற்குள் குலுங்கிக் குலுங்கிச் செல்லும். காமெட்டோ 40,000 அடி உயரத்தில் மேகங்களுக்கும் புயலுக்கும் மேலே செல்லும். மேசையின் மீது நாணயத்தை நிறுத்தி வைத்தாலும் விழாதாம். உலக நாடுகளெல்லாம் காமெட் கேட்டு வரிசையில் நின்றன. அமெரிக்கர்களிடம் கூட அப்படியொன்று அப்பொழுது இல்லை.

சரியாக ஓராண்டு. 1953-ஆம் ஆண்டு அதே மே 2-ஆம் நாள் கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து தில்லிக்குக் கிளம்பிய காமெட், சில நிமிடங்களுக்குள் இடிமழைப் புயலில் சிக்கி உடைந்து விழுந்தது. அதிலிருந்த 43 பேரும் மாண்டனர். புயலே காரணம் என்று கருதப்பட்டது. 1954-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் ரோமிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட காமெட் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. அன்று புயல் ஏதுமில்லை. 35 பேர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். முதன்முதலில் ஜோகன்னஸ்பர்க்கிற்குப் பறந்த அதே 'யோக் பீட்டர்' என்ற விமானம்தான் அது. எல்லாக் காமெட்டுகளும் நிறுத்தப்பட்டன. சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் மாற்றங்கள் செய்தனர். தவறு எது என்பது மட்டும் தெரியவில்லை. ஆயினும் மார்ச் 23-ஆம் நாள் மீண்டும் பறக்க விட்டனர். பதினாறே நாளில், ஏப்ரல் 8-ஆம் நாள், ரோமிலிருந்து கெய்ரோ சென்ற காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்து 21 பேர் இறந்தனர்.

மீண்டும் பறக்க விட்ட அந்த முடிவு தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. காரணம் தெரியாத நோய்க்கு மருந்து கொடுத்தது போலாயிற்று. விமானம் பறக்கலாம் என்ற அரசாங்கச் சான்றிதழ் ரத்து செய்யப்பட்டது. காமெட் தரையில் நின்றது.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் பணி, ஃபார்ன்பரோவில் சர் ஆர்னால்டு ஹால் என்ற விஞ்ஞானியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1910-இல் ஜெஃப்ரி வேலைக்குச் சேர்ந்த அதே ஃபார்ன்பரோ! கடற்படையினர் நீருக்கடியில் செல்லும் தொலைக்காட்சிக் கருவியைக் கொண்டு எல்பாவுக்கு அருகே கடலடியைத் துழாவி, துண்டு துண்டாக விமானத்தை மேலே எடுத்தனர். டி ஹாவிலண்ட் கம்பெனியார் தங்கள் வரைபடங்களையும் சோதனைக் கணக்குகளையும் கொடுத்து உதவினர்.

இன்னொரு காமெட் விமானத்தின் உடல் ஒரு பெரிய நீர்த்தொட்டிக்குள் இறக்கப்பட்டது; இறக்கைகள் மட்டும் இருபுறமும் வெளியே நீட்டிக் கொண்டிருந்தன. இதன் கருத்து நமக்கு எளிதாகப் புரியும். விமானம் உயரே செல்லும்போது வெளியே காற்று மிக மெலிந்திருக்கும். பயணிகள் மூச்சு விடுவதற்காக உள்ளே காற்றை அழுத்தி வைக்கிறார்கள். ஆகவே விமானத்தின் உடல் பலூனைப் போல ஒவ்வொரு பயணத்திலும் சற்று உப்பும், இறங்கும்போது தளரும். இதைத் தரையில் செய்து பார்க்கக் காற்றைப் பயன்படுத்தினால், உடையும்போது குண்டு போல வெடித்துத் தடயமே இல்லாமல் போகும். தண்ணீரை அழுத்த இயலாது என்று பௌதிகப் பாடத்தில் படித்திருக்கிறோம். எனவே உடைந்தாலும் வெடிக்காது. உடைந்த இடம் அப்படியே கிடைக்கும். இரவும் பகலும் நீரை ஏற்றி இறக்கி, இறக்கைகளை ஆட்டி, பயணங்களைப் போலவே செய்து காட்டினார்கள். உண்மையான பயணங்களையும் தொட்டிப் பயணங்களையும் சேர்த்து 3,057 ஆனபோது, 1954-ஆம் ஆண்டு ஜூன் மாதம், உடல் பிளந்தது. விரிசல் தொடங்கிய இடம் அவசர வழிச் சன்னலின் ஒரு மூலை.

கொண்டை ஊசியை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். முதல் தடவை ஒடியாது. பத்தாவது தடவையும் ஒடியாது. பிறகு ஒரு தடவை பட்டென்று ஒடியும். உலோகக் களைப்பு என்று இதைச் சொல்வர். சதுரமான சன்னலில் பாரமெல்லாம் மூலையில் வந்து குவிகிறது. களைப்பும் அங்கேதான் முதலில் வருகிறது. பின்னர் கடலிலிருந்து கிடைத்த கூரைத் துண்டு ஒன்றிலும், வானொலிக் கருவிக்காக விடப்பட்ட திறப்பின் மூலையில் அதே கதை எழுதியிருந்தது. எல்பாவில் விழுந்த விமானம் 1,290 பயணங்களும், நேப்பிள்ஸ் அருகே விழுந்தது 900 பயணங்களும் செய்திருந்தன.

அப்படியானால் கம்பெனியார் சோதிக்காமலா விட்டார்கள்? சோதித்தார்கள். விமான உடலின் முன்பகுதியை 16,000 தடவைக்கு மேல் உப்பவைத்துப் பார்த்தனர், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே பகுதியை அதற்கு முன்பே ஏறத்தாழ இருமடங்கு அழுத்தத்திற்கு ஆளாக்கியிருந்தனர். அந்தப் பேரழுத்தத்தில் மூலைகளிலிருந்த உலோகம் சற்று நெகிழ்ந்து பதப்பட்டு, களைப்பைத் தாங்கும் வலிமை பெற்றுவிட்டது. பயணிகள் ஏறிய விமானங்களுக்கு அந்த வலிமை இல்லை. சோதனையே அவர்களை ஏமாற்றிவிட்டது. இந்த இடத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். அலட்சியத்தால் வந்த தவறென்றால் கோபப்படலாம். இவர்களோ தங்களுக்குத் தெரிந்த அளவில் முயன்றவர்கள்.

1954-ஆம் ஆண்டு அக்டோபரில் லார்டு கோஹன் தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. கம்பெனி தன் கணக்கில் நேர்ந்த பிழையை மறைக்கவில்லை. எவர் மீதும் குற்றமில்லை என்று முடிவு செய்யப்பட்டது. கண்டறிந்த உண்மைகள் யாவும் வெளியிடப்பட்டன. போட்டிக் கம்பெனிகளாகிய அமெரிக்கர்களும் அவற்றைப் படித்துத் தங்கள் விமானங்களைத் திருத்தமாகச் செய்து கொண்டனர். அன்று முதல் விமானச் சன்னல்கள் மூலையை இழந்தன.

காமெட்டும் மீண்டும் வந்தது. தடித்த தகடும் வளைந்த சன்னல்களும் கொண்ட காமெட்-4, 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் லண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையே பறந்தது. அட்லாண்டிக் பெருங்கடலைப் பயணிகளோடு கடந்த முதல் ஜெட் அதுவே. மூன்று வாரங்களில் அமெரிக்காவின் போயிங் 707 வந்துவிட்டது. அது பெரிது, காமெட்டைவிட மிகுதியான பேரை ஏற்றியது. வாங்குவோர் அதன் பக்கம் சென்றனர். முந்திப் புறப்பட்டவர் நான்கு ஆண்டுகள் தரையில் நின்றதற்குக் கொடுத்த விலை அது. மொத்தம் 114 காமெட்டுகளே செய்யப்பட்டன. கட்டணப் பயணிகளுடன் கடைசிக் காமெட் 1980-ஆம் ஆண்டு நவம்பரில் பறந்தது. ஆராய்ச்சிக்காக வைத்திருந்த ஒன்று 1997-இல் தன் கடைசிப் பயணத்தை முடித்தது. காமெட்டிலிருந்து உருவான நிம்ரோடு என்னும் இராணுவ விமானங்கள் 2011 வரை பணியாற்றின.

டி ஹாவிலண்ட் கம்பெனி 1960-இல் ஹாக்கர் சிட்லி என்னும் பெரிய கம்பெனியோடு இணைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அந்தப் பெயரும் நீக்கப்பட்டது. சர் ஜெஃப்ரி 70 வயது வரை தாமே விமானம் ஓட்டினார். 1951-இல் மறுமணம் செய்து கொண்டார். ஆப்பிரிக்கா சென்று காட்டு விலங்குகளைப் படம் பிடிப்பதில் விருப்பம் கொண்டிருந்தார். 1961-இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1962-இல் 'ஆர்டர் ஆஃப் மெரிட்' என்னும் உயரிய விருது அளிக்கப்பட்டது.

1965-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் தம் 82-ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய சாம்பலை ஒரு விமானத்தில் எடுத்துச் சென்று, செவன் பாரோஸ் புல்வெளியின் மேல் வானிலிருந்து தூவினார்கள். ஹெர்ல் குப்புறப் படுத்துச் சக்கரங்களைப் பார்த்த இடத்திற்கு அருகே இன்று ஒரு நினைவுக் கல் நிற்கிறது.